போரறிந்த சிக்கனக்காரர்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள அபிலீன் என்னும் சிற்றூரில், வெண்ணெய்த் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்து அண்ணனைக் கல்லூரியில் படிக்க வைத்தார் ஓர் இளைஞர். தாம் படிக்கப் பணமில்லை. வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் கட்டணம் கிடையாது. 1911-இல் அங்கே சேர்ந்தார். அவருடைய தாயோ போரையே பாவமெனக் கருதியவர்!

அவர்தாம் டுவைட் ஐசன்ஹோவர். 1944 ஜூன் 6-ஆம் நாள் ஒன்றரை இலட்சம் வீரர்களை நார்மண்டியில் இறக்கினார். தோற்றால் பழி முழுதும் தம்முடையதே என்று முன்னதாகவே எழுதி வைத்திருந்தார்.

1953-இல் குடியரசுத் தலைவரானார். அவ்வாண்டே கொரியப் போர் ஓய்ந்தது. பெரும் படையை ஓயாமல் வைத்திருந்தால் நாடே கடனாளியாகும் என அஞ்சினார். எனவே தரைப்படையைக் குறைத்து அணுகுண்டை நம்பினார். ஏறத்தாழ ஆயிரமாக இருந்த அணு ஆயுதங்கள் 1960-இல் பதினெட்டாயிரத்தைத் தாண்டின. செலவு மிச்சந்தான், ஆனால் இதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1957-இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும் ஏவுகணைகளைப் பெருக்கச் சொல்லி நாடே கூச்சலிட்டது. எதிரியிடம் அவ்வளவு ஏவுகணைகள் இல்லை என்பதை உளவு விமானப் படங்கள் அவருக்குக் காட்டின. இரகசியமாதலால் வெளியே சொல்ல இயலவில்லை. ஏச்சைப் பொறுத்துக்கொண்டார். 1961 ஜனவரி 17-இல், பதவி நீங்கும் உரையில், ஆயுத முதலாளிகளும் இராணுவமும் கைகோத்து அரசை ஆட்டிப்படைக்கக்கூடும் என்று நாட்டை எச்சரித்தார்.

1969 மார்ச் 28-இல் காலமானார். சாதாரணப் படைவீரருக்குரிய 80 டாலர் பெட்டியில் வைத்து, அபிலீனிலேயே அடக்கம் செய்தார்கள்.