தாயகம் திரும்பிய தாய்

அயல்நாட்டில் நெடுநாள் வாழ்ந்து, குடும்பத்தோடு ஊர் திரும்பும் எண்ணம் நம்மில் பலர் உள்ளத்தில் உறைந்து கிடப்பதாகும். எதைக் கொண்டு போவது, எங்கே குடியிருப்பது, பிள்ளைகளின் படிப்பு என்னாவது என்று இரவில் விழித்திருந்து பேசாத வீடு நம் காலனியில் இராது. இக்கவலைகளை இருமுறை பட்டறிந்த மாதரசி ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் நினைவுகூர விரும்புகிறோம். அவர்தாம் அன்னை கஸ்தூரிபாய் காந்தி.

கத்தியவாரைச் சேர்ந்த போர்பந்தரில், செல்வ வணிகர் ஒருவரின் மகளாய் 1869ஆம் ஆண்டு அன்னை பிறந்தார். பதின்மூன்று வயதில் மோகன்தாஸ் காந்தியை மணந்தார். அந்நாளைய வழக்கப்படி அவருக்குக் கல்வி வாய்க்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் தொழில் நடத்திய கணவர் 1896இல் வந்து அழைக்க, இரு புதல்வரோடு கப்பலேறினார். டர்பன் துறைமுகத்துக்கு வெளியே கப்பல் பல நாள் நிறுத்தப்பட்டது. 1897 ஜனவரியில் கரையிறங்கிய அன்றே வெள்ளையர் கூட்டம் காந்தியடிகளைத் தாக்கியது. அடிபட்டு வந்த கணவரைக் கண்ட அச்சத்தோடுதான் புதுக் குடித்தனம் தொடங்கிற்று. அங்கே மேலும் இரு புதல்வர் பிறந்தனர்.

1901இல் முதன்முறை தாயகம் திரும்ப முடிவாயிற்று. விடைகொடுக்க வந்த நேட்டால் இந்தியர் பொன்னும் வெள்ளியும் வைரமுமாகப் பரிசுகளைக் குவித்தனர். அவற்றுள் ஐம்பது கினி பெறுமான பொன் ஆரமொன்று அன்னைக்கென்றே அளிக்கப்பட்டது. பொதுத் தொண்டுக்குக் கூலி பெறலாகாதெனக் கருதிய அடிகள் உறக்கமின்றித் தவித்தார். பிள்ளைகளை முதலில் இசையச் செய்து, பிறகு மனைவியிடம் வந்தார். அன்னை எளிதில் இணங்கவில்லை. தமக்கு நகை வேண்டாம், நாளை வரும் மருமகளிர்க்கு வேண்டாமா என்று வழக்காடினார். கணவரின் தொண்டில் தாம் இரவும் பகலும் உழைத்த உழைப்பும் அடங்கியதன்றோ என்றும் வினவினார். அவ்வினாவில் நியாயம் இல்லையென்று இன்றும் எவரும் சொல்லிவிட முடியாது. எனினும் அனைத்தும் அறநிதியாக வங்கியில் வைக்கப்பட்டன. வெறுங்கழுத்தோடு அன்னை ஊர் திரும்பினார்.

மறு ஆண்டே நேட்டாலிலிருந்து அழைப்பு வர, அடிகள் மீண்டும் புறப்பட்டார். பின்னர் அன்னையும் பிள்ளைகளோடு சென்று சேர்ந்தார். டர்பனுக்கு அருகில் 1904இல் அமைந்த பீனிக்ஸ் குடியிருப்பு அவருடைய இல்லமாயிற்று.

இவ்விடத்தில் நம்மவர் கதையும் வந்து கலக்கின்றது. நம்முள் சிலருக்குச் சொந்த ஊர்ப் பக்கமான குடிபாலா, சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் பெருவழியில் உள்ளது. 1911இல் சித்தூர் மாவட்டம் தனியே பிரியும் வரை அப்பகுதி வடஆர்க்காட்டில் அடங்கியிருந்தது. அவ் வடஆர்க்காட்டுச் சீமையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றோர் மிகப் பலர். ஒப்பந்தம் முடிந்த பின் ஊர் திரும்பாது தங்கியோர் ஆண்டுதோறும் தலைக்கு மூன்று பவுன் வரி கட்டவேண்டுமென 1895இல் சட்டம் வந்தது. ஏழையை விரட்டி ஊருக்கு அனுப்பும் சூழ்ச்சியே அது. கிறித்தவ முறைப்படி நடவாத மணங்கள் சட்டப்படி செல்லாவென்று 1913இல் நீதிமன்றத் தீர்ப்பொன்றும் பிறந்தது. அது கேட்ட அன்னை அறப்போரில் இறங்கிச் சிறை புகுந்தார். மூன்று மாதக் கடுங்காவலுக்குப் பின் எலும்பும் தோலுமாக வெளிவந்தார். அதே போரில் சிறை சென்று நோயுற்ற தமிழ்ச்சிறுமி தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22ஆம் நாள் உயிர்நீத்தாள். அவ்வாண்டிலேயே வரியும் நீங்கிற்று, மணங்களும் ஏற்கப்பட்டன. திரும்பிப் போவது ஏழையின் விருப்பமாயிற்று, கட்டாயம் ஒழிந்தது.

அதன் பின்னரே இவர்களும் தாயகம் திரும்பினர். பீனிக்ஸ் பிள்ளைகள் மகன்லால் காந்தியின் பொறுப்பில் நேரே இந்தியா சென்று, சாந்திநிகேதனத்தில் தங்கினர். அன்னையும் அடிகளும் 1914 ஜூலை 18ஆம் நாள் கேப்டவுனில் கப்பலேறி, மூன்றாம் வகுப்பில் இலண்டன் சென்றனர். அவர்கள் சேருமுன் உலகப்போர் மூண்டது. அடிகள் நோயுற்றார். டிசம்பரில் புறப்பட்டு, 1915 ஜனவரி 9ஆம் நாள் பம்பாயில் இறங்கினர்.

வரவேற்புகளுக்குக் குறைவில்லை, ஆனால் குடியிருக்க ஒரு வீடில்லை. இராஜகோட்டை, சாந்திநிகேதனம், சென்னை என ஊர் ஊராய்ச் செல்லலாயினர். மே மாதத்தில் ஆமதாபாத்தை அடுத்த கோச்ரபில், வழக்கறிஞர் ஒருவருக்குரிய வாடகை வீட்டில் ஆசிரமம் தொடங்கிற்று. ஆணும் பெண்ணுமாக ஏறக்குறைய இருபத்தைவர் அங்கே கூடினர். அவர்களுள் பதின்மூவர் தமிழர் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. ஐந்து தமிழ் இளைஞர் தென்னாப்பிரிக்காவிலிருந்தே உடன் வந்தவர்.

சில மாதங்களுக்குள் தீண்டாதாரெனப்பட்ட தூதாபாய் என்பவர், மனைவி தானிபென்னோடும் கைக்குழந்தை இலட்சுமியோடும் ஆசிரமத்தில் வந்து சேர்ந்தார். கிணற்றில் தகராறு எழுந்தது, பொருளுதவி நின்றது. அடுக்களையில் தானிபென் புழங்குவதை அன்னையின் மனமும் ஏற்கவில்லை. கடல் கடந்து, சிறை கண்டு வந்தவர்க்கும் பிறந்த ஊரின் பழவழக்கம் உள்ளே தங்கியிருந்தது. நாமும் இதைத் தொலைவில் நின்று குறை கூறலாகாது. ஊரை விட்டு வந்தும் ஊரின் வேற்றுமைகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக் கொணர்ந்தவர் நம்மிலும் உண்டு. அடிகள் விட்டுக்கொடுக்கவில்லை, அன்னை தம்மைத் தாமே வென்றார். அக்குழந்தை இலட்சுமியே பின்னாளில் அவ்வீட்டின் வளர்ப்பு மகளானாள்.

இழப்பும் இல்லாமலில்லை. மூத்த மகன் ஹரிலால் தந்தையோடு மாறுபட்டுப் பிரிந்தார். அது தாய்க்கு ஆறாப் புண். இரண்டாம் மகன் மணிலால் மீண்டும் நேட்டால் சென்று, 1956இல் மறையும்வரை பீனிக்ஸிலேயே தொண்டாற்றினார். ஒரு பிள்ளை அக்கரையில், ஒரு பிள்ளை கண்காணாத் தொலைவில் என்னும் ஏக்கத்தை நம் தாய்மார் நன்கறிவர். கடைசி மகன் தேவதாஸ் 1933இல் இராஜாஜியின் மகளை மணந்தார். தமிழ் மருமகள் அவ்வீட்டுக்கு வந்தாள். அவளுக்கென்று எடுத்துவைத்த ஆரம் ஏதும் அன்னையிடம் அன்று இல்லை.

பூனாவில் ஆகாகான் மாளிகைச் சிறையில், 1944ஆம் ஆண்டு அன்னை மறைந்தார். அந்நாளும் பிப்ரவரி 22. வள்ளியம்மை மறைந்து சரியாக முப்பதாண்டு. அவர் நினைவாக நாட்டு மக்கள் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் திரட்டினர். சிற்றூர்ப் பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் உரிய அறநிதியாக அது நிலைத்தது.

என்றேனும் நாம் ஊர் திரும்பும் நாள் வரும். அன்று பெட்டிகளைக் கட்டுவதற்கு முன், நம் அடுக்களையில் யார் யார்க்கு இடமுண்டு என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. கழுத்தில் பொன்னின்றித் திரும்பிய அன்னை, அந்த இடத்தை அகலமாக்கியே தம் இல்லத்தை நிறைத்தார்.

வாழ்க அன்னையின் புகழ்!