தண்ணீர் இல்லாத கழிப்பறை: மண்ணை நம்பிய ஹென்றி மோல் யார்?

மலாக்கா–ஜொகூர் எல்லையில் 1,276 மீட்டர் உயரத்தில் நிற்கிறது குனோங் லேடாங். மலாக்கா கரையிலிருந்து படகில் போனால் பூலாவ் பெசார் தீவு. லீவு நாட்களில் இரண்டு இடத்துக்கும் கூட்டம் போகும். ஆனால் மலை உச்சி வரைக்கும் கழிவுநீர்க் குழாய் இழுக்க முடியாது. தீவில் குழி வெட்டினால், பக்கத்துக் கிணற்று நீர் கெட்டுப்போகும் ஆபத்து உண்டு. அப்படியானால் என்ன வழி?

தண்ணீரே தேவைப்படாத கழிப்பறை ஒரு வழி. இது ஏதோ புது டெக்னாலஜி என்று நினைக்க வேண்டாம். 160 வருடங்களுக்கு முன்பே இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அவர் பெயர் ஹென்றி மோல்.

யார் இவர்?

1801-இல் வில்ட்ஷயர் மாவட்டத்தின் மெல்க்‌ஷம் ஊரில் பிறந்தவர். அப்பா வழக்கறிஞர். கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்கி, 1829-இல் டார்செட் மாவட்டத்தின் ஃபோர்டிங்டனில் பாதிரியார் ஆனார். சாகும் வரைக்கும் அந்த ஊரை விட்டுப் போகவில்லை.

தொடக்கத்தில் ஊர்க்காரர்களுக்கு இவரை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. குதிரைப் பந்தயத்தை எதிர்த்துப் பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்? அந்த நிலைமையை மாற்றியது காலரா.

காலரா காட்டிய உண்மை

1849-இலும் 1854-இலும் ஃபோர்டிங்டனைக் காலரா தாக்கியது. 1854-இல் லண்டன் மில்பேங்க் சிறைக் கைதிகளை அந்தப் பக்கத்து ராணுவ முகாமுக்கு மாற்றினார்கள். அவர்களுடைய துணிகளைத் துவைத்தது ஃபோர்டிங்டன் ஏழைப் பெண்கள். நோய் வீடு வீடாகப் பரவியது.

மற்றவர்கள் பயந்து ஒதுங்கியபோது மோல் நோயாளிகளின் வீட்டுக்குள் போனார். அங்கே அவர் பார்த்தது நெருக்கமான வீடுகளையும், கழிவு கலக்கும் ஓடையையும்தான். அந்த ஓடைத் தண்ணீரையே மக்கள் புழங்கினார்கள். நிலம் அரச குடும்பத்தின் சொத்து என்பதால், நேராக இளவரசர் ஆல்பர்ட்டுக்கே எட்டுக் கடிதங்கள் எழுதினார்.

1859: வாளியும் மண்ணும்

1859 கோடையில் மோல் தன் வீட்டுக் கழிவுக்குழியை மூடினார். குடும்பத்தில் எல்லாரும் வாளியைப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார். வாளியில் சேர்ந்ததைத் தோட்டத்தில் புதைத்தார்கள். மூன்று நான்கு வாரம் கழித்துத் தோண்டிப் பார்த்தால், கழிவு இருந்த அடையாளமே இல்லை. பிறகு, சலித்த காய்ந்த மண்ணோடு கலந்து பார்த்தார். சில நிமிடங்களிலேயே நாற்றம் அடங்கிவிட்டது.

1860-இல் இன்னொருவருடன் சேர்ந்து இதற்குக் காப்புரிமை வாங்கினார். அமைப்பு ரொம்ப சிம்பிள்: மர இருக்கை, கீழே வாளி, பின்னால் காய்ந்த மண் நிரப்பிய பெட்டி. கைப்பிடியை இழுத்தால் அளவான மண் கழிவின் மேல் விழும். மண் ஈரத்தை உறிஞ்சும், நாற்றத்தையும் ஈயையும் தடுக்கும், மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் மிச்சத்தை மட்க வைக்கும்.

இது வீட்டுக்கு மட்டும்தானா? இல்லை. 1868-இல் விம்பிள்டனில் தொண்டர் படை முகாமிட்டபோது 148 மண் கழிப்பறைகளை வைத்தார்கள். குழாய் வசதி இல்லாத திடலில் பெரிய கூட்டத்தையே அவை சமாளித்தன. பள்ளிகளும் சிறைகளும்கூட இதை வாங்கின. 1880-இல் மோல் இறந்தபோது அவர் பெயர் பல நாடுகளுக்குப் போயிருந்தது.

அப்புறம் ஏன் மறைந்தது?

நகரங்களுக்குக் குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் வந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் நமக்கு ரொம்ப நெருக்கமானது: வாளி நிறைந்தால் யார் அள்ளுவது?

மோல் வீட்டில் வீட்டு ஆட்களே பார்த்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் சிறைகளுக்கும் ராணுவக் குடியிருப்புகளுக்கும் இதே முறை போனபோது, அந்த வேலை சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டவர்களின் தலையில் விழுந்தது. மலாயா டவுன்களிலும் ஒரு காலத்தில் வாளிக் கழிப்பறைதான். வாளியைச் சுமந்தவர்களில் தமிழர்களும் உண்டு. அந்த வேலையால் வந்த அவமானத்தை அந்தக் குடும்பங்கள் வெளியே பேசியது குறைவு.

சுகாதாரத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. அதே மண்ணைக் காயவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று மோல் நம்பினார். நாற்றம் போனாலே ஆபத்தும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. உருண்டைப்புழுவின் முட்டைகள் மண்ணில் நீண்ட காலம் உயிரோடு இருக்கும்.

இன்றைய முறை எப்படி?

இப்போதைய உலர் கழிப்பறையில் சிறுநீர் தனியாகப் போகும், மலம் தனியாக விழும். ஒவ்வொரு முறையும் மேலே சாம்பல் தூவ வேண்டும். கீழே இரண்டு அறைகள். ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதைத் திறப்பார்கள். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் மூடிய அறையை ஒரு வருடத்துக்கு மேல் விட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அதன் பிறகு எடுப்பது உரம்தான், பச்சைக் கழிவு அல்ல.

கழுவிப் பழகிய நமக்கு இது சரிப்படுமா? தமிழ்நாட்டில் திருச்சி பக்கம் உள்ள முசிறியில் இந்த வகைப் பொதுக் கழிப்பறை கட்டினார்கள். கழுவுவதற்குத் தனி இடம் வைத்தார்கள். அந்தத் தண்ணீர் மல அறைக்குள் போகாது. அதனால் பழக்கம் தடையாகவில்லை.

மலாக்காவுக்கு இதில் என்ன இருக்கிறது?

1991-இல் டுரியான் துங்கால் அணை வற்றி, மலாக்கா முழுக்கத் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. தண்ணீர் எப்போதும் வரும் என்று சொல்ல முடியாது என்பதை அன்றைக்கு இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மலையிலும் தீவிலும் அந்தச் சிக்கல் இன்னும் அதிகம்.

உலர் கழிப்பறை அங்கே உதவும். ஆனால் மழை உள்ளே வராத கூரை, தீராத சாம்பல், கையுறையும் சம்பளமும் உள்ள பராமரிப்பாளர், எல்லாம் சேர்ந்தால்தான் அது ஓடும். நாற்றத்துக்கு மோல் விடை கண்டுபிடித்தார். யார் அள்ளுவது, எப்போது அள்ளுவது என்ற கேள்விக்கான விடையைக் கட்டும்போதே எழுதி வைக்க வேண்டியது நம் பொறுப்பு.