மானிப்பாயின் மருத்துவர்: சமுவேல் கிறீன் விட்டுச்சென்ற பாடம்

யாழ்ப்பாணத்துச் சமய வரலாற்றிலே 1822ஆம் ஆண்டு ஒரு விசித்திரமான ஒற்றுமையைத் தன்னகத்தே கொண்டுள்ளது. சைவத்தின் காவலராக விளங்கிய ஆறுமுக நாவலர் நல்லூரில் பிறந்தது அவ்வாண்டிலேயே. கிறிஸ்துவின் நற்செய்தியைத் தமிழரிடம் எடுத்துச் செல்வதையே தமது வாழ்வின் பணியாக வரித்துக்கொண்ட வைத்தியர் சமுவேல் பிஸ்க் கிறீன், அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பிறந்ததும் அதே ஆண்டிலேயே. இருவரும் எதிரெதிர்த் திசைகளில் நின்றவர்கள். ஆயினும் தமிழ்மொழிக்கு இருவரும் ஆற்றிய தொண்டு இன்றும் நிலைத்து நிற்கின்றது.

நியூயோர்க்கில் மருத்துவம் கற்று 1845இல் பட்டம் பெற்ற கிறீன், 1847இல் அமெரிக்க மிஷனின் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவருக்கு முன்னரே வைத்தியர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணிக்கு வித்திட்டிருந்தார். கிறீன் 1848இல் மானிப்பாயில் நிலைகொண்டு, நோயாளரைப் பராமரித்ததோடு உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய மருத்துவத்தையும் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி தோன்றியது 1870இலேயே என்பதை நினைவிற்கொண்டால், மானிப்பாயில் அவர் இட்ட அத்திபாரத்தின் பெறுமதி விளங்கும்.

கிறீன் தமது சமய நோக்கத்தை எக்காலத்திலும் மறைத்தவரல்லர். நாடி வந்த நோயாளர்கள் மருந்துடன் வேத வசனத்தையும் ஜெபத்தையும் கேட்டனர். மருத்துவம் மதமாற்றத்துக்கான தூண்டிலாகப் பயன்பட்டது என்று மிஷனரிமார் மீது அன்றும் இன்றும் சுமத்தப்படும் குற்றச்சாட்டை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நோயாளி பலவீனன்; மருந்து தருபவனோ பலம் வாய்ந்தவன். இவ்விருவருக்குமிடையே சமயம் பேசப்படும்போது, கேட்பவனின் சுதந்திரம் எவ்வளவு என்ற கேள்வி நியாயமானதே.

அக்கேள்விக்கான விடையைக் கிறீனின் வாழ்க்கை ஓரளவு தருகின்றது. மானிப்பாயில் சிகிச்சை பெற்றோரில் மிகப் பெரும்பாலானோர் சைவர்களாகவே வந்து, சைவர்களாகவே திரும்பினர். இதனால் அவரது கருணை குறைந்துவிடவில்லை. வாந்திபேதி குடாநாட்டைச் சூறையாடிய காலங்களிலும் அவரும் அவரது மாணவர்களும் மக்கள் மத்தியிலே நின்று பணியாற்றினர். ஆள் சேர்ப்பது மட்டுமே அவரது நோக்கமாயிருப்பின், பலன் அருகிய அப்பணியில் இவ்வளவு காலம் நிலைத்திருக்க மாட்டார்.

அவரது தனித்துவம் மேலும் ஒரு விடயத்தில் துலங்கிற்று. கிறிஸ்தவராவதற்குத் தமிழர் ஆங்கிலேயராக வேண்டியதில்லை என்பது அவரது உறுதியான கொள்கை. கல்வி கற்ற இளைஞர்கள் தம் மொழியையும் உடையையும் கைவிட்டு அந்நியராவதை அவர் விரும்பவில்லை. விடுமுறையில் தாயகம் சென்று 1862இல் மீண்டு வந்தபின், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிப்பது என்ற துணிகரமான முடிவை எடுத்தார். ஆங்கிலம் உத்தியோகத்தின் திறவுகோலாக இருந்த காலத்தில் இது நீரோட்டத்துக்கு எதிரான நீச்சலாகும். அவரிடம் பயின்று வெளியேறிய 60க்கும் மேற்பட்ட வைத்தியர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழ் மூலம் கற்றவர்கள்.

கற்பிக்க நூல்கள் வேண்டுமல்லவா? மாணவர்களின் துணையோடு அவற்றையும் அவரே ஆக்கினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் எனத் தொடரும் அந்நூல்கள் 4,000க்கும் மேற்பட்ட பக்கங்களைக் கொண்டவை. கலைச்சொல் தேவைப்பட்டபோது முதலில் தமிழில் தேடினார். அங்கு கிடையாதவிடத்து வடமொழியை நாடினார். இரண்டிலும் அகப்படாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் வடித்தார். அறிவியற்றமிழின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் போற்றப்படுவது இதனாலேயே.

1873இல் உடல்நலம் குன்றி அமெரிக்கா திரும்பிய பின்னரும் அவரது உள்ளம் மானிப்பாயிலேயே இருந்தது. அங்கிருந்தவாறே தமிழ் நூல்களைத் திருத்தி அனுப்பினார். 1884இல் காலமானபோது, தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்பதே அவரது கல்லறையில் அவரே விரும்பிய அடையாளமாகப் பொறிக்கப்பட்டது. அவரது பெயர் தாங்கிய வைத்தியசாலை மானிப்பாயில் அவரை நினைவூட்டி நிற்கின்றது.

மதமாற்றம் என்பது நம் நாட்டில் அடிக்கடி கொதித்தெழும் பிரச்சினை. 2004இல் அதனைத் தடைசெய்யும் சட்டமூலங்கள் பெரும் சர்ச்சையைக் கிளப்பியமை பலருக்கும் நினைவிருக்கும். தம் விசுவாசத்தைப் பிறருடன் பகிர்வது கிறிஸ்தவருக்குக் கடமை. முஸ்லிம்களுக்குத் தஃவாவும் அத்தகையதே. அக்கடமையைச் சட்டத்தால் ஒடுக்குவது நீதியாகாது. அதேவேளை, பிறரின் வறுமையையும் நோயையும் அதற்குச் சாதகமாக்குவதும் அறமாகாது. நோக்கத்தை ஒளிக்காமை, ஏற்காதவருக்கும் குறைவின்றிச் சேவை செய்தல், பிறரின் மொழியையும் பண்பாட்டையும் மதித்தல் ஆகிய மூன்றையும் அளவுகோலாகக் கொள்வோமாயின், சமயங்களுக்கிடையிலான சந்தேகங்கள் பெரிதும் தணியும். நாவலரைப் போற்றும் மண்ணே கிறீனையும் நன்றியுடன் நினைவுகூர்வதற்குக் காரணம் இதுவேயாகும்.