சீன மருத்துவர் சியென் யீ

இரத்தக் கொதிப்பு மிகுந்து அதனாற் சிறுநீரகங்கள் பழுதுற்றோர்க்குச் சீன தேயத்து நாட்டு வைத்தியர்கள் இன்றும் கொடுத்துவரும் மருந்துகளுள் பெயர்பெற்ற உருண்டை ஒன்றுண்டு. ஆறு சரக்குகளாற் செய்யப்படுவது அது. அதனை வகுத்தவரோ முதியோர்க்கு வைத்தியம் செய்து புகழ்பெற்றவரல்லர். குழந்தைகளின் பிணி தீர்த்தலிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர். சியென் யீ என்னும் அப்பெரியாரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

சுங் வமிசத்தார் சீனத்தை ஆண்டுவந்த காலத்தில், கி. பி. 1032-ஆம் ஆண்டையொட்டி, இக்காலத்து ஷாந்துங் மாகாணத்திலே அவர் பிறந்தார். தந்தையார் ஊசி குத்திப் பிணி தீர்க்குங் கலையில் வல்லவர்; ஆயினும் மதுவிலும் ஊர்சுற்றுதலிலும் பெருவிருப்புடையவர். ஒருநாள் தம் பெயரை மறைத்துக்கொண்டு கீழைக் கடற்பக்கஞ் சென்றவர் மீண்டாரில்லை. அப்பொழுது குழந்தைக்கு வயது மூன்று. தாயாரோ முன்னரே இறந்துவிட்டார். திக்கற்ற அப்பிள்ளையை அத்தையார் எடுத்துத் தம் மகனாக வளர்த்தார். அத்தையாரின் கணவர் லூ என்பவர் ஒரு வைத்தியர். அவரிடமே சியென் யீ மருத்துவம் பயின்றார்.

அத்தையார் இறக்குந் தறுவாயிலே பிறப்பின் உண்மையை அவருக்கு உரைத்தார். அதுகேட்டுக் கண்ணீர் பெருக்கிய சியென் யீ, தந்தையாரைத் தேடிப் புறப்பட்டார். ஐந்தாறு முறை அலைந்து திரிந்த பின்னரே அவர் இருக்குமிடம் தெரிந்தது. மேலுஞ் சில ஆண்டுகள் கழித்து அவரை வீட்டிற்கு அழைத்து வந்தபோது மைந்தருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. தம்மைக் கைவிட்டவரென்று வெறாது, ஏழாண்டுகள் கழித்து அவர் இறக்கும்வரை பேணினார். ஆண் மக்களில்லாத லூவையும் தந்தையாகவே போற்றி, அவர் இறந்தபின் ஈமக்கடன் முடித்து, அவர் மகளுக்கு மணமுஞ் செய்து வைத்தார்.

1078 முதல் 1085 வரையுள்ள ஆண்டுகளில் அவர் புகழ் தலைநகரை எட்டிற்று. ஷென்சுங் சக்கரவர்த்தியின் உடன்பிறந்தாளின் மகள் நோயுற்றபோது அழைக்கப்பெற்று அதனைக் குணப்படுத்தினார். மறுவருடம் இளவரசன் ஒருவன் வலிப்பினால் வருந்த, அடுப்பு மண் சேர்ந்த கஷாயத்தாற் பிணி நீக்கினார். அரசர் வியந்து காரணம் வினவ, மண் நீரை அடக்கும், நீர் தன் நிலையில் நின்றால் வலிப்பாகிய வாயு தணியும் என்று தம் நாட்டுக் கொள்கைப்படி விளக்கினார். அரண்மனை வைத்தியப் பதவியும் பெற்றார்.

இனி அவ்வுருண்டையின் வரலாற்றைக் காண்போம். அவர்க்குச் சுமார் எண்ணூறு ஆண்டுகட்கு முன் வாழ்ந்த சாங் சுங்சிங் என்பார் சிறுநீரக வலிமைக்கென எட்டுச் சரக்குகள் கூடிய மருந்தொன்றை எழுதி வைத்திருந்தார். உச்சிக்குழி மூடாமலும் பேச்சு வாராமலும் வருந்திய குழந்தைகட்கு இம்மருந்து வேண்டுமெனக் கண்ட சியென் யீ, குழந்தைகள் இயல்பாகவே சூடு மிக்கவர்கள் எனக் கருதி, வெப்பந்தரும் இலவங்கப்பட்டையையும் வசநாபி இனத்து வேரையும் விலக்கினார். எஞ்சியவை ஆறு: பக்குவஞ் செய்த ரெமேனியாக் கிழங்கு எட்டுப் பங்கு, கார்னஸ் கனியும் வள்ளிக்கிழங்கும் நந்நான்கு பங்கு, பியோனி வேர்ப்பட்டை, அலிஸ்மா என்னும் நீர்ப்பூண்டின் கிழங்கு, பைன் மரவேரிற் பற்றி வளரும் காளான் ஆகியவை மும்மூன்று பங்கு. முன்னோர் எழுதியதென்று கண்மூடிக் கொடாமல், தம் முன் கிடந்த நோயாளியை நோக்கி மருந்தைத் திருத்தியதே அவர் பெருமையென்போம்.

தமக்கு வந்த வாதநோய் உள்ளுறுப்புக்களைத் தாக்காதவாறு கைகால்களுக்குச் செலுத்தினாரென்றும், அதனால் இடக்கையும் இடக்காலும் முடங்கினவென்றும் அவர் சரிதம் கூறுகின்றது. வீட்டிற் படுத்தவாறே, தூக்கிவரப்பட்ட குழந்தைகளைப் பார்த்து மருந்தளித்து, 1113-இல் தமது எண்பத்திரண்டாம் வயதிற் காலமானார். குழந்தைப் பருவத்தில் அவராற் பிழைத்த யென் சியௌசுங் என்பவரே அவர் மருத்துவ முறைகளைத் திரட்டி 1119-இல் நூலாக்கினார்.

சீன சாஸ்திரத்திற் சிறுநீரகமென்பது வளர்ச்சி, எலும்பு முதலியவற்றிற்கு மூலமாகிய ஒரு சக்தியையுங் குறிக்கும். சியென் யீ இரத்த அழுத்தத்தை அளந்தவரல்லர். நாமோ அறிவோம்: அழுத்தம் மிகுந்தால் சிறுநீரகத்திலுள்ள நுண்குழாய்கள் தடித்து, வடிகட்டும் முடிச்சுகள் தழும்பேறிச் சுருங்கும், புரதம் சிறுநீரிற் கசியும். அழுத்தத்தைக் குறைக்கும் இக்கால மருந்துகள் இச்சேதத்தைத் தாமதப்படுத்துவது பெரிய ஆராய்ச்சிகளால் நிறுவப்பட்டுள்ளது. ஆறுசரக்கு உருண்டையைப் பற்றிய சோதனைகள் பெரும்பாலும் சிறியன. அம்மருந்துகட்கு ஈடாக அதனைக் கொள்வது தகாது. மூலிகையெல்லாம் தீங்கற்றவையென்பதும் பிழை. நம் நாட்டு ஆடுதின்னாப்பாளையின் இனத்ததாகிய சீனப் பூண்டொன்று உடல்மெலிவு மருந்தில் தவறுதலாகக் கலந்தமையால், பெல்ஜியத்திற் பல பெண்மணிகள் சிறுநீரகம் இழந்த செய்தி 1993-இல் வெளியாயிற்று.

ஆகவே அவர் பெயரைச் சொல்லி ஆராயாது மருந்துண்பவர் அவரைப் பின்பற்றுபவராகார். எட்டை ஆறாக்கிய அவர் துணிவும், நோயாளியை நூலினும் மேலாக மதித்த அவர் நெஞ்சமுமே நாம் கைக்கொள்ளத் தக்கவை.