ஆன்சனிலிருந்து எழுந்த கேள்விகள்: ஜே.பி. ஜெயரத்தினத்தின் வாழ்க்கை

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டி பிளேர் பிளேன் என்றொரு குடியிருப்பு இருந்தது. துறைமுகத் தொழிலாளர்களின் குடும்பங்கள் அங்கே அடுக்குமாடி வீடுகளில் வாழ்ந்தன. 1981ஆம் ஆண்டு, கொள்கலன் துறைமுகத்தை விரிவாக்க அந்த இடம் தேவை என்று கூறி, வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். அரசு வீடு வாங்குவோர் வரிசையில் தங்களுக்கு முன்னுரிமை தருவார்கள் என்று எதிர்பார்த்த குடும்பங்களுக்கு அது கிடைக்கவில்லை. போவதற்கு இடமில்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. அந்த நேரத்தில்தான் அவர்களுடைய ஆன்சன் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது.

தொகுதி காலியானதற்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. அதன் உறுப்பினராக இருந்தவர் தேவன் நாயர். மலாக்காவில் ரப்பர் தோட்டக் கிராணி ஒருவரின் மகனாகப் பிறந்து, தொழிற்சங்கத் தலைவராக உயர்ந்தவர். 1981 அக்டோபரில் அவர் சிங்கப்பூரின் அதிபரானதால் ஆன்சன் காலியானது. ஆளும் மக்கள் செயல் கட்சிக்கு அது பாதுகாப்பான தொகுதி. 1966இல் பாரிசான் சோசியலிஸ் உறுப்பினர்கள் வெளியேறிய பிறகு 15 ஆண்டுகளாக எந்த எதிர்க்கட்சியும் தேர்தலில் வென்று நாடாளுமன்றத்துக்குள் நுழைந்ததில்லை. 1968, 1972, 1976, 1980 ஆகிய நான்கு பொதுத்தேர்தல்களிலும் எல்லா இடங்களும் ஆளுங்கட்சிக்கே போயின.

1981 அக்டோபர் 31ஆம் தேதி இரவு அந்தக் கணக்கு மாறியது. பாட்டாளிக் கட்சியின் தலைமைச் செயலாளர் ஜெயரத்தினத்துக்கு 7,012 வாக்குகள், ஆளுங்கட்சி வேட்பாளருக்கு 6,359. வித்தியாசம் 653. அப்போது ஜெயரத்தினத்துக்கு வயது 55. அதற்கு முன் ஐந்து முறை போட்டியிட்டு ஐந்து முறையும் தோற்றிருந்தார். முந்தைய ஆண்டில்தான் மனைவியை இழந்திருந்தார்.

ஜோசுவா பெஞ்சமின் ஜெயரத்தினம் 1926 ஜனவரி 5ஆம் தேதி யாழ்ப்பாணத்துச் சங்கானையில் பிறந்தார். வளர்ந்தது மலாயாவில். தந்தைக்கு அங்கே அரசு வேலை. மூவார், ஜோகூர் பாரு என்று ஜோகூர் மாநிலத்துப் பள்ளிகளில் படித்து, பிறகு சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளிக்கு வந்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் அலுவலகங்களையும் ரயில்வேயையும் நிரப்பிய யாழ்ப்பாணத் தமிழர் குடும்பங்களில் பிள்ளைகளை டாக்டராகவோ வக்கீலாகவோ ஆக்குவதே கனவு. ஜெயரத்தினமும் லண்டன் சென்று சட்டம் படித்தார். 1952இல் சிங்கப்பூர் சட்டச் சேவையில் சேர்ந்து மாஜிஸ்திரேட், அரசு வழக்கறிஞர், மாவட்ட நீதிபதி என்று பல பொறுப்புகளை வகித்தார். 1963இல் அரசுப் பணியை விட்டுத் தனியாக வழக்காடத் தொடங்கினார். அந்தச் சேவையிலேயே இருந்திருந்தால் ஓய்வூதியத்தோடு நிம்மதியாக முடிந்திருக்கக்கூடிய வாழ்க்கை அது.

டேவிட் மார்ஷல் 1957இல் தொடங்கிய பாட்டாளிக் கட்சி, 1971இல் பெயரளவில்தான் உயிரோடு இருந்தது. அந்த ஆண்டு அதன் பொறுப்பை ஜெயரத்தினம் ஏற்றார். அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவர் முதன்முதலாக நின்றது சிராங்கூன் சாலையை ஒட்டிய ஃபேரர் பார்க் தொகுதியில். நம்மவர்கள் நிறைந்த தேக்கா வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே நின்றும் தோற்றுப்போனார். தமிழர் என்பதற்காகத் தமிழர் வாக்களிப்பார்கள் என்ற கணக்கு சிங்கப்பூரில் என்றைக்குமே சரியாக வந்ததில்லை. அவரும் அந்தக் கணக்கைப் போட்டவரல்லர். 1976 தேர்தல் மேடையில் பேசிய பேச்சுக்காகப் பிரதமர் லீ குவான் இயூ தொடுத்த அவதூறு வழக்கில் 1,30,000 வெள்ளி இழப்பீடு தரவேண்டி வந்தது. அதற்காக வீட்டை விற்றார்.

75 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் ஒற்றை ஆள் என்ன செய்ய முடியும்? மசோதாவைத் தோற்கடிக்க முடியாது. தீர்மானம் கொண்டுவரலாம் என்றால், அதை வழிமொழிய இன்னோர் உறுப்பினர் வேண்டும். ஆனால் கேள்வி கேட்க யாருடைய துணையும் தேவையில்லை. முன்கூட்டியே எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்தால் போதும்; சம்பந்தப்பட்ட அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். எழுத்துமூலப் பதிலும் கேட்கலாம். வாய்மொழிப் பதில் வந்தவுடன் அதிலிருந்தே துணைக்கேள்வி எழுப்பலாம், அதற்கு முன்னறிவிப்பு வேண்டாம். அமைச்சரின் கையிலுள்ள தாள் முதல் கேள்வியோடு முடிந்துவிடும். துணைக்கேள்விக்கு அவர் சொந்தமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். கேள்வியும் பதிலும் அச்சாகி அரசுப் பதிவேட்டில் நிற்கும். டெல்லியின் மத்திய சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி ஆங்கிலேய அதிகாரிகளைத் திணறடித்ததும் இதே ஆயுதத்தைக் கொண்டுதான்.

ஆளுங்கட்சி உறுப்பினர்களும் கேள்வி கேட்டார்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சில விஷயங்களை அவர்கள் தொட்டதில்லை. விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டவர்கள், போலிஸ் அதிகாரம், நீதித்துறையின் சுதந்திரம், வேலையிழந்த ஏழைகளுக்கு அரசு என்ன செய்கிறது என்பவை ஜெயரத்தினம் விடாமல் பிடித்துக்கொண்டவை. வக்கீலுக்குரிய கணீர்க் குரல், கன்னத்தில் அடர்ந்த கிருதா, ஆங்கில மேடைத்தமிழ் என்றே சொல்லத்தக்க ஏற்ற இறக்கம். அவர் எழுந்தால் அவை சூடாகிவிடும். 1985 முதல் நாடாளுமன்ற நிகழ்ச்சிகள் தொலைக்காட்சியிலும் வரத் தொடங்கின.

அவர் மீது சொல்லப்பட்ட குறை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஆதாரத்தைத் திரட்டாமல் குற்றச்சாட்டை அவைக்குக் கொண்டுவருகிறார், யாரோ சொன்னதை வைத்துக் கேள்வி கேட்கிறார் என்று அமைச்சர்கள் திரும்பத் திரும்பச் சாடினார்கள். அதில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆராய்ச்சிக்கு ஆள் இல்லாத, துறைகளின் கோப்புகளைப் பார்க்க வழியில்லாத ஒற்றை உறுப்பினர் அவர். ஆனால் கேள்வி நேரம் என்பதே தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தானே?

1984 பொதுத்தேர்தலில் ஆன்சன் மக்கள் அவரை மறுபடியும், இம்முறை கிட்டத்தட்ட 57 விழுக்காட்டு வாக்குகளோடு அனுப்பினார்கள். பொத்தோங் பாசிரில் சியாம் சீ தோங்கும் வென்றதால் எதிர்க்கட்சி வரிசையில் இருவரானார்கள்.

அதற்குள் வழக்கு தொடங்கிவிட்டது. கட்சியின் கணக்கு தொடர்பாகப் பொய்யான வாக்குமூலம் கொடுத்ததாக அவர் மீதும் கட்சித் தலைவர் மீதும் குற்றம் சாட்டப்பட்டது. 1984 தொடக்கத்தில் மூத்த மாவட்ட நீதிபதி மைக்கல் கூ பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து அவர்களை விடுவித்தார். அதே ஆண்டு அந்த நீதிபதி தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார். நீதிபதியின் இடமாற்றத்தில் அரசாங்கத்தின் கை இருந்ததா என்று 1986இல் ஜெயரத்தினம் நாடாளுமன்றத்தில் கிளப்பினார். அவர் எழுப்பியவற்றிலேயே ஆகப் பெரிய விவகாரம் அதுதான். அவருக்கு ஆக அதிக விலை வைத்ததும் அதுவே.

அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது. குழுவாக இருந்து விசாரித்தவர் நீதிபதி டி.எஸ். சின்னத்துரை, அவரும் தமிழர். தலையீட்டுக்கு ஆதாரம் இல்லை என்று முடிவு வந்தது. ஜெயரத்தினம் அவையின் சிறப்புரிமைக் குழு முன் நிறுத்தப்பட்டார். அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, அவை உரிமையை மீறும் உறுப்பினருக்கு விதிக்கக்கூடிய அபராதம் 50,000 வெள்ளிவரை உயர்ந்தது. கணக்கு வழக்கோ மேல்முறையீடு, மறுவிசாரணை என்று இழுத்து, 1986 நவம்பரில் ஒரு மாதச் சிறையிலும் 5,000 வெள்ளி அபராதத்திலும் முடிந்தது. 2,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம் விதிக்கப்பட்டாலே பதவி போய்விடும் என்பது அன்றைய சட்டம். ஆன்சன் போனது. ஐந்தாண்டுக்குத் தேர்தலில் நிற்கவும் முடியாது. 1987இல் வழக்கறிஞர் பட்டியலிலிருந்தும் பெயரை நீக்கினார்கள்.

லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில்தான் அப்போது சிங்கப்பூர் வழக்குகளுக்கு இறுதி இடம். தொழிலுரிமையை மீட்க அவர் அங்கே போனார். 1988 அக்டோபரில் அதன் நீதிபதிகள் அவரை மீண்டும் வழக்கறிஞராக்கியதோடு, செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டு அவருக்குப் பெரும் அநீதி இழைக்கப்பட்டிருப்பதாகவும் கூறினார்கள். ஆனால் தண்டனையை ரத்து செய்யும் அதிகாரம் அந்த மேல்முறையீட்டில் அவர்களுக்கு இல்லை. அதிபரிடம் மன்னிப்புக் கோரிய மனு ஏற்கப்படவில்லை. ஆகவே கறுப்பு அங்கி திரும்பக் கிடைத்தது, நாடாளுமன்றக் கதவு திறக்கவில்லை. 1991 நவம்பரில் தடை முடிய இருந்தது. பொதுத்தேர்தல் ஆகஸ்ட்டிலேயே நடந்து முடிந்தது. ஆன்சன் தொகுதியும் 1988லேயே வரைபடத்திலிருந்து மறைந்திருந்தது.

1997இல் செங் சான் குழுத்தொகுதியில் அவருடைய அணி 45 விழுக்காடு வாக்குகள் பெற்றுத் தோற்றது. தோற்றவர்களில் அதிக வாக்கு பெற்றோருக்கு வழங்கப்படும் தொகுதியில்லா உறுப்பினர் இடம் பாட்டாளிக் கட்சிக்கு வந்தது. 1984இல் அந்த ஏற்பாட்டுக்கான மசோதா வந்தபோது அதைக் கடுமையாக எதிர்த்தவர் ஜெயரத்தினம். இப்போது அதே இடத்தில் போய் அமர்ந்தார். முரண்தான். ஆனால் கேள்வி கேட்க அவை வேண்டும், 71 வயதில் வேறு வழி எங்கே இருந்தது? நதியோரத்துப் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில் தொடங்கி 1999இல் திறந்த புதிய கட்டடம் வரை அந்தத் தவணை நீண்டது.

அதற்கும் முடிவு வந்தது ஒரு தமிழ்க் கட்டுரையால். 1995இல் கட்சி ஏடான 'தி ஹேமர்' தமிழ் மொழி வாரத்தைப் பற்றி ஒரு கட்டுரையைத் தமிழில் வெளியிட்டிருந்தது. அதை எழுதியவர் வேறொருவர், ஏட்டின் ஆசிரியர் ஜெயரத்தினம். ஏற்பாட்டுக் குழுவினர் அவதூறு வழக்குப் போட்டு வென்றார்கள். முதல் நாள் தேர்தல் மேடையிலிருந்து கடைசி நாள்வரை ஆங்கிலத்தில் போராடியவரை வீழ்த்தியது ஒரு தமிழ்ப் பக்கம். இழப்பீட்டைத் தவணையில் கட்டி வந்தார். ஒரு தவணை தாமதமானது. 2001இல் நொடித்துப் போனவராக அறிவிக்கப்பட்டு நாடாளுமன்ற இடத்தையும் இழந்தார். 30 ஆண்டுகள் நடத்திய கட்சியையும் அதே ஆண்டில் விட்டுப் பிரிந்தார்.

பிறகு சில ஆண்டுகள் சிங்கப்பூர்க்காரர்கள் அவரைத் தெருவில்தான் பார்த்தார்கள். எம்ஆர்டி நிலைய வாசல்களிலும் கடைத்தொகுதிகளின் முன்பும் புத்தகங்களோடு நிற்பார். 1997 முதல் 1999 வரை நாடாளுமன்றத்தில் அவர் பேசியவற்றின் தொகுப்பும் அவற்றில் ஒன்று. சிலர் கைகுலுக்கி வாங்கிப் போவார்கள், சிலர் தலையைக் குனிந்து வேகமாகக் கடப்பார்கள்.

கடனை அடைத்து 2007இல் நொடிப்பிலிருந்து விடுபட்டார். 2008இல், 82 வயதில், சீர்திருத்தக் கட்சியைப் பதிவு செய்து அடுத்த தேர்தலுக்கு ஆள் சேர்க்கத் தொடங்கினார். செப்டம்பர் 30ஆம் தேதி காலை மூச்சுத் திணறி, டான் டோக் செங் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். இதயச் செயலிழப்பால் அன்றே உயிர் பிரிந்தது. கட்சியின் பொறுப்பைப் பின்னர் மூத்த மகன் கென்னத் ஏற்றார்.