ரத்தக் குழாய்க்குள் வலை விரித்த டாக்டர்

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் வலை பின்னுகிறவர்களுக்கு வலையின் கண் முக்கியம். கண் பெரிதானால் சின்ன மீன் நழுவிவிடும். கண் மிகவும் சிறிதானால் வலை கனக்கும். பாசி வந்து அடைக்கும்.

பக்கவாத டாக்டர்களுக்கும் இதே கவலை உண்டு! நோயாளியின் கழுத்து ரத்தக் குழாய்க்குள் அவர்கள் ஒரு கம்பி வலையை விரிக்கிறார்கள். அதன் பெயர் ஸ்டென்ட்.

இதற்கு வழி காட்டியவர் ஓர் அமெரிக்கர். பெயர் சார்லஸ் டாட்டர்.

கிறுக்கு சார்லி

டாட்டர் 1920-ம் ஆண்டு பாஸ்டன் நகரில் பிறந்தார். எக்ஸ்ரே டாக்டர் ஆனார். 32-வது வயதிலேயே போர்ட்லண்ட் நகர மருத்துவக் கல்லூரியில் எக்ஸ்ரே பிரிவின் தலைவர் பதவி கிடைத்தது.

வீட்டில் தண்ணீர்க் குழாய் அடைத்துக் கொண்டால் சுவரையா இடிக்கிறோம்? குழாய்க்குள் கம்பியை விட்டுக் குத்துகிறோம். ரத்தக் குழாயையும் அப்படிச் சரி செய்தால் என்ன? இதுதான் டாட்டரின் எண்ணம்.

1963-ல் சிகாகோ நகரில் டாக்டர்கள் மாநாடு நடந்தது. அங்கே ஒருவர் ஊதுவிளக்குத் தீயில் மெல்லிய குழாய்கள் செய்து காட்டினார். டாட்டர் அந்த விளக்கை இரவல் வாங்கிப் போனார். மறுநாள் காலையில் தாமே செய்த குழாய்களோடு வந்து நின்றார்!

இப்படிப்பட்டவருக்கு "கிறுக்கு சார்லி" என்று பெயர் வந்ததில் வியப்பு இல்லை.

காலை வெட்ட மறுத்த பாட்டி

1964 ஜனவரி 16. ஒரு பாட்டிக்கு வயது 82. காலில் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் அழுகத் தொடங்கின. காலை எடுக்க வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். பாட்டி முடியவே முடியாது என்று சொல்லிவிட்டார்.

டாட்டர் தொடையில் ஊசித் துளை போட்டார். ரத்தக் குழாய்க்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தினார். அதன் மேல் ஒரு குழாய். அதற்கும் மேல் சற்றுத் தடித்த குழாய். அடைப்பு விலகியது. குளிர்ந்து கிடந்த பாதம் சூடேறியது. கால் பிழைத்தது! பாட்டி சாகும் வரை அந்தக் காலோடுதான் நடந்தார்.

ஆனால் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் பலர் நம்பவில்லை. படம் மட்டும் எடுத்தால் போதும், கை வைக்க வேண்டாம் என்று சீட்டில் எழுதி அனுப்பியவர்களும் உண்டு. ஐரோப்பாக்காரர்கள்தான் முதலில் மதித்தார்கள். ஹாலந்து நாட்டில் இந்தச் சிகிச்சைக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

விரித்த குழாய் மறுபடி சுருங்கினால் என்ன செய்வது? உள்ளே முட்டுக் கொடுக்க வேண்டும். நாய்களின் கால் ரத்தக் குழாயில் கம்பிச் சுருள் வைத்து, 1969-ல் முடிவை வெளியிட்டார். 1983-ல் நிட்டினால் என்ற உலோகத்தில் சுருள் செய்தார். குளிரில் மடங்கும், உடல் சூட்டில் பழைய வடிவத்துக்கு விரியும் உலோகம் அது.

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பிறகும் மலை ஏறியவர் டாட்டர். 1985-ல், 64 வயதில் காலமானார். கழுத்துக்குள் வலை விரிப்பதை அவர் பார்க்கவில்லை.

எந்தக் கண் நல்லது?

கழுத்தின் இரு பக்கமும் விரல் வைத்தால் துடிக்கும். மூளைக்கு ரத்தம் போகும் வழி அது. அங்கே கொழுப்பு படிந்து, ரத்தக் கட்டி மேலே போய் அடைத்தால் பக்கவாதம். முகம் கோணும், கை தொங்கும், பேச்சு குழறும். உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மூளையில் சிக்கிய கட்டியைக் குழாய் விட்டு இழுத்து எடுக்கலாம். 2015-ல் வெளிவந்த ஆராய்ச்சிகள் இதன் பலனை உறுதி செய்தன. ஆனால் கழுத்திலேயே வழி அடைத்திருந்தால்? அதைத் திறந்தாக வேண்டும். மறுபடி மூடாதிருக்க வலையும் வைக்க நேரிடும்.

கண் பெரிய வலை, வளைந்த குழாயிலும் நன்றாகப் படியும். ஆனால் இடுக்கு வழியாகக் கொழுப்புத் துணுக்கு பிதுங்கி மூளைக்குப் போகலாம். கண் சிறிய வலை துணுக்கைத் தடுக்கும். ஆனால் விறைப்பு அதிகம். இரட்டை அடுக்கு வலையும் வந்திருக்கிறது. துணுக்கைத் தடுப்பதில் அது கெட்டிக்காரன்தான். அவசர வேளையில் அதன் மேலேயே ரத்தம் உறைந்து அடைத்துக் கொள்வதாகச் சில ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

உறையாதிருக்க மருந்து கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுக்கலாம். ஆனால் அடிபட்ட மூளையில் ரத்தம் கசியலாம். அங்கேதான் சிக்கல்! நோயாளி மேஜையில் கிடக்கும்போது, நிமிடக் கணக்கில் டாக்டர் முடிவு செய்ய வேண்டும்.

எந்த வலையை எடுத்தாலும், அது பெரும்பாலும் டாட்டர் 1983-ல் சோதித்த அதே நிட்டினால் உலோகம்தான்.