மன்னிப்புக் கேட்க மறுத்த இஸ்மத்

புது தில்லி: 1944 டிசம்பரில் பம்பாயில் எழுத்தாளர் இஸ்மத் சுக்தாயின் வீட்டுக் கதவைப் போலீசார் தட்டினர். அவர்கள் கொண்டுவந்த சம்மனில் வழக்குத் தொடுத்தவர் ஆறாம் ஜார்ஜ் மன்னர். குற்றச்சாட்டு, 'லிஹாஃப்' என்ற உருதுச் சிறுகதையில் ஆபாசம். இஸ்மத்துக்கு அப்போது வயது 29. வீட்டில் இரண்டு மாதப் பெண் குழந்தை.

உத்தரப் பிரதேசத்தின் பதாயூனில் 1915 ஆகஸ்டில் பிறந்தவர். பெற்றோருக்குப் பத்துக் குழந்தைகள், இவர் ஒன்பதாவது. அண்ணன்மாரோடு ஓடியாடி வளர்ந்தவர், வீட்டாரோடு போராடித்தான் லக்னௌவில் கல்லூரிப் படிப்பை முடித்தார். மருத்துவரும் எழுத்தாளருமான ரஷீத் ஜஹான் அவருக்கு ஆதர்சம்.

லிஹாஃப் என்றால் குளிர்காலப் பஞ்சுப் போர்வை. கதை 1942-ல் லாகூரிலிருந்து வந்த 'அதப்-ஏ-லத்தீஃப்' இதழில் வெளியானது. இளைஞர்களிடம் நாட்டம் கொண்ட நவாப், அவரால் புறக்கணிக்கப்பட்ட பேகம், பேகத்துக்கு நெருக்கமான பணிப்பெண். இரவில் அசையும் போர்வையின் நிழல் யானைபோல் சுவரில் தெரிய, அதைக் கண்டு அஞ்சும் சிறுமியே கதையைச் சொல்கிறாள். போர்வைக்குள் என்ன நடந்தது என்பது எங்கும் பச்சையாகச் சொல்லப்படவில்லை.

வசைக் கடிதங்கள் குவிந்தன. திரைப்படத் துறையிலிருந்த கணவர் ஷாஹித் லத்தீஃபுடனும் இக்கதையால் சச்சரவு மூண்டது. மன்னிப்புக் கேட்டு விஷயத்தை முடித்துக்கொள்ளுமாறு லாகூரில் நலம்விரும்பிகள் வற்புறுத்தினர். அபராதத்தைத் தாங்களே கட்டுவதாகவும் கூறினர். இஸ்மத் மறுத்துவிட்டார். வேறொரு கதைக்காக அதே நேரத்தில் வழக்கைச் சந்தித்த சாதத் ஹசன் மண்டோ உடனிருந்தது அவருக்குப் பெரும் தெம்பு.

விசாரணையில் ஆபாசமான சொல் எது என்று கேட்கப்பட்டபோது சாட்சிகள் திணறினர். ஒரு பெண் காதலர்களைச் சேர்த்துக்கொண்டதாகக் கதையில் வருவதை ஒருவர் சுட்டிக்காட்டினார். காதலர் என்ற சொல் எப்படி ஆபாசமாகும் என்ற குறுக்கு விசாரணையில் அதுவும் நிற்கவில்லை. இஸ்மத் விடுதலையானார். ஆனால் இரு பெண்களின் உறவைப் பற்றி எழுதலாம் என்று நீதிமன்றம் சொன்னதாக இதற்குப் பொருளில்லை. வெளிப்படையாக எழுதாததே அவரைக் காப்பாற்றியது.

அந்த வழக்கு அவரைக் கடைசிவரை விடவில்லை. நாவல்கள், 'கரம் ஹவா' படத்துக்கு அடிப்படையான கதை, 1976-ல் பத்மஸ்ரீ என்று எத்தனையோ இருந்தும், லிஹாஃப் எழுதியவர் என்றே அறியப்பட்டதில் அவருக்கு மனக்கசப்பு உண்டு. கதைக்குத் தூண்டுதலான பெண்ணைப் பின்னாளில் அஞ்சியபடியே சந்தித்தார். மறுமணம் செய்து மகனோடு வாழ்ந்த அப்பெண் கோபம் கொள்ளாதது அவருக்கு ஆறுதலளித்தது. அந்த உறவைப் புறக்கணிக்கப்பட்ட மனைவியின் துயரமாக மட்டுமே இஸ்மத் கண்டார் என்ற விமர்சனத்திலும் நியாயம் இருக்கிறது.

1991 அக்டோபரில் மும்பையில் காலமானார். அவர் விருப்பப்படி உடல் தகனம் செய்யப்பட்டது, அதுவும் சர்ச்சையானது.

இக்கதையின் சாயல் கொண்டதாகக் கூறப்படும் 'ஃபயர்' திரைப்படம் ஓடிய அரங்குகள் 1998-ல் மும்பையிலும் தில்லியிலும் தாக்கப்பட்டன. ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவைத் திருத்த 2015 டிசம்பரில் மக்களவையில் சசி தரூர் கொண்டுவந்த தனிநபர் மசோதா, அறிமுக நிலையிலேயே 24-க்கு 71 என்ற வாக்குகளில் தோற்றது. வயதுவந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் தீர்ப்பளித்தது.